செல்வம் மாமாவும் காணாமற்போன குறிப்பேடும்

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது: ஹம்பேர்க்கில் எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் நான்கு ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருந்த கதிரை திருத்தப்பட்டுவிட்டது. இந்த மாபெரும் செய்தியை, முன்பு அதில் இருந்த நிலானிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். "அப்பா விடிய மோசம் போயிட்டார்" என்று பதில் வந்தது.

காலமாகிவிட்ட அவள் அப்பா, செல்வம் மாமா, களியாட்டத் திடல்களில் சீனிப் பாதாம் வறுத்து விற்றவர். தாயை இழந்த மகளோடு வண்டி வீட்டில் ஊரூராய்ச் சுற்றினார். பாடசாலைகளும் அவரைச் சுற்றவிட்டன. திடல் ஹம்பேர்க்குக்கு வரும் மாதங்களில் நிலானி எங்கள் வகுப்பில் இருப்பாள். அவளிடம் ஒரு குறிப்பேடு உண்டு. என்ன படித்தாள் என்று ஒவ்வோர் ஊர்ப் பாடசாலையும் அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதுதான் அவள் பள்ளிக்குப் போனதற்கு ஒரே சாட்சி.

எங்கள் ஆசிரியை எழுதியது எப்போதும் ஒரே சொல்: "சமுகமளித்தாள்." ஒருநாள் மாமா வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, டொச்சில சொல்லு அவவுக்கு. வந்தவள் எண்டு மட்டும் எழுதுறதெண்டால் கதிரைக்கும் எழுதலாம். அதுவும் ஒவ்வொரு நாளும் வருகுதுதானே?"

ஒரு சொல் விடாமல் ஜேர்மன் மொழியில் சொன்னேன். ஆசிரியை சிவந்தார். குறிப்பேட்டில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. பின்னக் கணக்கை அவளுக்கு விளங்கவைத்தது மாமாதான், பாதாம் போடும் கடதாசிக் கூம்புகளில் எழுதி எழுதி.

உலகக் கிண்ணத்துக்கு முந்திய வசந்தத்தில், திடல் கலைந்தபோது குறிப்பேட்டைக் காணவில்லை. அடுத்த ஊர்ப் பாடசாலை விசாரித்தது. எங்கள் ஆசிரியை வரவுப் பதிவில் அவள் பெயரையே சேர்த்திருக்கவில்லை. "நான் படிப்பிச்சனான்" என்று மாமா சொன்னது அலுவலகத்தில் எடுபடவில்லை. இந்த நாட்டில் வீடு பள்ளியாகாது; அதிலும் சில்லுப் பூட்டிய வீடு! நிலானியை நிரந்தரப் பள்ளி ஒன்றில் சேர்க்கச் சொன்னார்கள். மாமா அவளைக் கொலோனில் அவளுடைய சித்தி வீட்டுக்கு அனுப்பினார். வண்டியில் தனியாளானார்.

"பிள்ளையை இழுத்துக்கொண்டு திரியிறான், விசரன்" என்று அன்று கதைத்தவர்கள், இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் அவரைக் "கல்வியின் காவலர்" என்கிறார்கள். வாசித்துப் பல்லைக் கடித்தேன்.

அந்தக் குறிப்பேட்டைத் தேடிக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று உங்களில் பலரிடம் பெருமையடித்திருக்கிறேன். கோடையில் திடல் திரும்பியபோது மாமாவிடம் கொடுத்தேன். அதற்குள் கொலோனில் பதிவு முடிந்திருந்தது. "நீ கெட்டிக்காரனடா, தம்பி" என்று ஒரு கூம்பு நிறையப் பாதாம் தந்தார்.

தேட வேண்டியிருக்கவில்லை. பகிடிக்கு ஒளித்ததே நான்தான். திங்கள் காலை கொடுத்துச் சிரிக்கலாம் என்றிருந்தேன். வண்டி ஞாயிறே போய்விட்டது. பிறகு சொல்லப் பயம்.

அந்த வெறுங்கூம்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. "கெட்டிக்காரன்" என்ற சொல்லும் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல்.

நிலானி, உனக்கு இதை நான் குறுஞ்செய்தியில் எழுதியிருக்க வேண்டும். கதிரையைப் பற்றி எழுதினேன்.