தங்கத்தை வெளியே விட்ட கோமதி அம்மாள்

அம்மாளைக் கும்பிடுகிற எல்லோருக்கும் வணக்கம். நோய் தீர்ந்தது, வழக்கு முடிந்தது, பிள்ளை பிறந்தது என்று உங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் கதை அத்தனை பெரியதில்லை. எழுதிக்கொண்டிருந்த நாவலுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஒரு கிழவனை அம்மாள் வெளியே எடுத்த கதை. ஆனால் மாட்டிக்கிடந்தபோது அது எனக்குச் சிறியதாகத் தெரியவில்லை.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். சங்கரன்கோவிலைச் சுற்றி நான் அளக்காத ஊர் குறைவு. எழுபதாவது வயதில் நாவல் எழுத உட்கார்ந்தேன். பனவடலிசத்திரத்தில் ஒரு வீடு. எல்லைத் தகராறில் கிடக்கும் அண்ணன் தம்பிகள். இறந்துபோன மூத்த அண்ணனின் மனைவி தங்கம். பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போடும்வரை வெளியே விடக்கூடாது என்று கொழுந்தன்மார் வாசலைப் பூட்டிவிடுகிறார்கள். அவள் எப்படியாவது கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர வேண்டும்.

பெரிய சார்ட் தாளில் திட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். முப்பது அத்தியாயம், ஒவ்வொன்றும் பத்துப் பக்கம். பதினெட்டு வரை பிசகவில்லை. பத்தொன்பதில் தங்கம் முற்றத்துக்கு வந்து நின்றாள். அதற்கு மேல் நகரவில்லை.

என் திட்டப்படி, நிலத்தை முழுதாக அளந்து எல்லைக்கல் நட்ட பிறகுதான் அவள் வெளியேற முடியும். கல் நடும் பக்கங்களை எழுதுவேன். ஒரு மூலையில் அளவு உதைக்கும். முதல் அத்தியாயத்திலிருந்து திருத்திக்கொண்டு வருவேன். இன்னொரு மூலை உதைக்கும். ஒரு வருடம் இப்படிப் போனது. அவள் முற்றத்திலேயே நின்றாள். நானும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. என் மனைவி செல்லம்மாள் அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுப்பாள்.

“ஏங்க, சாப்பிட வாரீங்களா? இல்ல, இன்னைக்கும் அளந்துக்கிட்டேதான் இருக்கப் போறீங்களா?”

டீக்கடைக்குப் போனால் என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் விட மாட்டார். “என்ன வே, கதை எந்த சர்வே நம்பர்ல நிக்கி?” என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். பிறகு டீக்கடைக்கும் போவதில்லை.

அந்த நேரத்தில்தான் கண்ணில் கோளாறு வந்தது. ஒரு வரியை வாசித்து முடித்தால் அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்காது. தேடித் தேடி எடுப்பேன். திருநெல்வேலியில் பரிசோதித்த டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது என்றார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருமாம். போனது திரும்பாதாம். சொட்டு மருந்தை ஒரு நாள்கூடத் தவறாமல் விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாமாம்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு குழாய்க்குள் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. எதிரே ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒன்றுமில்லை. எனக்குக் குருடாகும் பயத்தைவிட இன்னொரு பயம் பெரிதாக இருந்தது. இந்தக் கதையை முடிக்காமல் பார்வை போய்விட்டால் தங்கம் சாகிற வரைக்கும் அந்த முற்றத்தில்தான் நிற்பாள். பூட்டியது கொழுந்தன்மார் இல்லை, நான்.

வீட்டுக்கு வந்ததும் சார்ட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று சுவரோரம் போனேன். கை வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. நம் சங்கரன்கோவிலில் கொடி ஏறிய நாளிலிருந்து தபசு நாள் வரை ஆடிச்சுற்று உண்டல்லவா? கோயிலை நூற்றெட்டு முறை சுற்றுவதாக நேர்ந்துகொண்டேன். அம்மாள் முன்னால் நின்று, கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு கேட்டேன். “தாயே, என் கண்ணை என்னமும் செய்துகொள். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவர ஒரு வழியைக் காட்டு.” இவ்வளவுதான் என் வேண்டுதல்.

சட்டைப் பையில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை வைத்திருந்தேன். ஒரு சுற்றுக்கு ஒன்று இடது பையிலிருந்து வலது பைக்கு மாற வேண்டும். ஆனால் கூட்டம் பக்கத்தில் வருவது எனக்குத் தெரியவில்லை. முதல் நாளே மூன்று பேர் மேல் மோதினேன். ஒருவர், “பாத்து வாரும் வே, ஓட்டப் பந்தயமா நடக்கு?” என்றார். செல்லம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கொட்டைய எங்கிட்ட குடுங்க. நான் எண்ணுதேன். நீங்க காலப் பாத்து நடங்க.”

அப்படியே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினோம். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கணக்கை இன்னொரு ஆளிடம் கொடுத்தேன். தபசுக்கு முதல் நாள், “ஆயிட்டு, நூத்தெட்டு” என்றாள். அதற்குள்ளா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, மூன்று வருடமாக நாவல் தாள்கட்டைத் தொடாதவள் சொன்னாள். “அந்தப் பேப்பரக் கொண்டாங்க. ஒங்களுக்குத்தான் வரி தெரியலயே. நான் வாசிக்கேன், நீங்க கேளுங்க.”

தினமும் சாயங்காலம் ஓர் அத்தியாயம் வாசித்தாள். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம். கதை ஓடியது. இதை நாமா எழுதினோம் என்று இருந்தது. அம்மாள் என் காதைத் திறந்துவிட்டாள் என்று சன்னதியில் போய் நன்றி சொல்லிவிட்டுக்கூட வந்தேன்.

பத்தொன்பதாம் அத்தியாயம் வந்தது. தங்கம் முற்றத்துக்கு வந்தாள். செல்லம்மாள் தாளைப் புரட்டினாள். அடுத்த வாக்கியத்தில் தங்கம் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். நான் நிமிர்ந்தேன். அந்த வாக்கியம், கல் நட்டு முடிந்ததும் வர வேண்டும் என்று நான் முன்கூட்டியே எழுதிவைத்ததுதான். ஆனால் அது அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது?

“ஏட்டி, நடுவுல விட்டுட்டே.”

“இல்லையே.”

“பத்துப் பக்கத்துக்கு மூணு தடவதான் தாள் பொரளுத சத்தம் கேட்டுது.”

அவள் தாளை மடியில் வைத்தாள். பிறகு, “கல்லு நடுத பக்கமெல்லாம் விட்டுட்டேன்” என்றாள். “அந்தப் புள்ள எவ்வளவு நேரந்தான் முத்தத்துல நிப்பா? போட்டும்னு விட்டேன்.”

“எப்பத்துலருந்து இப்படி விடுத?”

“மொத நாள்லருந்து. மொத அத்தியாயத்துலயே ஒரு வாய்க்கால அளந்துக்கிட்டு கெடந்தீங்களே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. அம்மாள் செய்த அற்புதம் என்று நினைத்தது இவள் செய்த திருட்டுத்தனமா? மூன்றாம் நாள், விட்ட பக்கங்களையெல்லாம் வாசிக்கச் சொன்னேன். ஒரு சொல்லையும் விடாமல், கோபத்தோடு வாசித்தாள். வடகிழக்கு மூலைக் கல் வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

“போதும்” என்றேன்.

“இன்னும் ரெண்டு மூல பாக்கி இருக்கு. கேளுங்க.”

“போதும்ட்டி.”

அப்போதுதான் புரிந்தது. நான் கேட்டது என்ன? வழியைக் காட்டு என்று கேட்டேன். யார் மூலமாகக் காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் கோயிலைச் சுற்றவைத்த கையிலேயே அம்மாள் அந்தத் தாள்களையும் கொடுத்திருக்கிறாள். சன்னதி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். செல்லம்மாள், “என்னத்துக்கு இப்ப கும்பிடுதீங்க?” என்று கேட்டாள்.

சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்தேன். அவள் விட்ட பக்கங்களை எல்லாம் நீக்கினோம். மீதியை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பிடிக்காத இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அது திருத்த வேண்டிய இடம் என்று தெரிந்துகொள்வேன். தை பிறப்பதற்குள் தங்கம் கொல்லைக் கதவு வழியாக இறங்கி, ஓடைக்கரையோடு நடந்து, கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். முப்பது அத்தியாயம் இருபத்தொன்றாக முடிந்தது.

அது இன்னும் அச்சாகவில்லை. ஆகலாம், ஆகாமலும் போகலாம். நான் கேட்டது முடிக்க. முடித்துக் கொடுத்துவிட்டாள் தாய். சொட்டு மருந்து தவறாமல் விடுகிறேன். போன பரிசோதனையில் பார்வை மேற்கொண்டு சுருங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். டீக்கடைக்கும் போகிறேன்.

இந்த ஆடியில் நன்றி சொல்ல மறுபடி சுற்றினோம். கொட்டை அவளிடம்தான். பாதிச் சுற்றில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“ஏட்டி, போன ஆடியில நெசமாவே நூத்தெட்டும் சுத்துனோமா?”

“கேட்டது கெடைச்சுட்டுல்லா? பேசாம நடங்க.”

நடந்தேன். உங்களில் யாராவது எங்காவது மாட்டிக்கொண்டு, கணக்குப் போட்டுப் போட்டு வழி தெரியாமல் கிடந்தால், ஆடியில் இங்கே வாருங்கள். கையில் இருக்கும் கொட்டையைக் கூட வருகிற ஆளிடம் கொடுத்துவிட்டு, அம்மாளை நம்பிச் சுற்றுங்கள். எத்தனை சுற்று ஆனது என்று கேட்காதீர்கள். நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.