பெருமாள் கொடுத்தனுப்பிய ரொட்டி

சீனா யுத்தம் முடிந்த மறு வருஷம் என் அண்ணா பட்டாளத்திலிருந்து உயிரோடு திரும்பி வந்தான். அதற்கு நன்றி சொல்லக்கூடக் கோயிலுக்கு வரமாட்டேன் என்றான். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன்! பனியில் இரண்டு கால்விரல் போனதற்குக்கூட அம்மா அவ்வளவு அழவில்லை.

போவதற்கு முன்னால் அவனுக்கு வாய் ஓயாது. என் பின்னலை இழுக்காமல் ஒரு நாள் போகாது. வந்தவனோ, சாப்பிட்ட தட்டைத் தானே அலம்பி வைத்துவிட்டுக் கொள்ளிடக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வான். சேவிக்கக் கூப்பிட்டால் கோபுரவாசல் வரை வருவான். செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கேயே நின்றுவிடுவான்.

ஒரு நாள் அம்மா விடாமல் கேட்கவே, சொல்லிவிட்டான். மலையில் வழி தவறிப் பட்டினி கிடந்தபோது, கூட இருந்த ரஹீம் என்ற சிப்பாய் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தானாம். அதைத் தின்று இவன் பிழைத்தான். ரஹீம் பிழைக்கவில்லை.

“ஆசாரம் போச்சு, பிராயச்சித்தம் பண்ணுன்னு சொல்லுவா. அவன் கொடுத்ததுக்கு நான் பிராயச்சித்தம் பண்ண மாட்டேம்மா. அதான் உள்ளே வரலை.”

வடக்கேயே வேலை தேடிப் போய்விடுகிறேன் என்று அவன் பெட்டியையும் கட்டி வைத்துவிட்டான். போனால் திரும்ப மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை நான் கோயிலுக்குப் போய்ப் பெருமாளிடம் சண்டைதான் போட்டேன். உயிரோடு கொடுத்துவிட்டு வாசலிலேயே நிறுத்தி வைப்பாயா, உனக்குக் கண் இல்லையா, நீயே அவனை உள்ளே கூப்பிடு, இல்லாவிட்டால் நானும் இனி வரமாட்டேன் என்றேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுதபடியே பிராகாரம் சுற்றினேன். துலுக்க நாச்சியார் சந்நிதி வந்தது. பெருமாள்மேல் ஆசை வைத்து டில்லியிலிருந்து அவரைத் தேடி வந்த சுல்தான் மகள் அவள். அவளுக்காகப் பெருமாள் அங்கே ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்வது வழக்கம். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அன்றைக்குப் பிரசாதம் என்று என் கையில் ஒரு துண்டு ரொட்டி விழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

அண்ணா கிணற்றடியில் நின்றிருந்தான்.

“பெருமாள் அமுது பண்ணின ரொட்டிண்ணா. துலுக்க நாச்சியார் சந்நிதிலேர்ந்து கொண்டுவந்தேன்” என்று நீட்டினேன்.

புதிதாகக் கேட்கிறவன் மாதிரி என்னைப் பார்த்தான். வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். பிறகு ரஹீம், ரஹீம் என்று விம்மி விம்மி அழுதான். வந்த நாளிலிருந்து அன்றுதான் அழுதான்.

“பெருமாளே சாப்பிடறார். அவர் யார்கிட்டே போய்ப் பிராயச்சித்தம் பண்ணுவார்?” என்றான்.

அன்றைக்கே தீர்த்தமாடி, திருமண் இட்டுக்கொண்டு, அம்மா கையைப் பிடித்தபடி உள்ளே போய்ச் சேவித்தான். பெட்டி பரணுக்குப் போயிற்று. அப்புறம் திருச்சியில் உத்தியோகம், கல்யாணம், குழந்தைகள். பழைய அரட்டை முழுசாகத் திரும்பவில்லை. பட்டாசு வெடித்தால் இப்போதும் எழுந்து போய்விடுவான். ஆனால் அந்தச் சந்நிதியில் நின்று ரஹீமுக்காகக் கண்ணை மூடிக்கொள்ளும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! எனக்கு மனசு நிறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது வாசலோடு நின்றுவிட்டார்களா? அவர்களைக் கரித்துக்கொட்டாதீர்கள். நீங்கள் உள்ளே போய், அவர்களுக்காகப் பெருமாளிடம் கேளுங்கள், தைரியமாகச் சண்டை போடுங்கள். அடியேன் வாய்த்துடுக்கையே பொறுத்துக்கொண்டு பதில் சொன்னவர், உங்களுக்குச் சொல்ல மாட்டாரா?