சிவப்புப் பேனா டீச்சரும் சாய்ந்த குச்சியும்

தப்பு என்று கண்ணில் பட்டால் போதும், அந்த டீச்சருக்குக் கை பரபரக்கும். கடைப் பலகை, பஸ் டிக்கெட், ஒன்றையும் விடமாட்டாள். பிள்ளைகள் வைத்த பெயர் சிவப்புப் பேனா. அவளுக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வருஷம் தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி ஒரு வேலையை வாங்கியிருந்தாள். கடல் தாண்டி இருக்கும் வேறொரு பள்ளி வகுப்போடு சேர்ந்து நிழல் அளக்கிற வேலை. இரண்டு பக்கமும் ஒரே உயரக் குச்சி. உச்சி வெயிலில் நிழலை அளந்து, இணையத்தில் இருவருக்கும் பொதுவான ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம்.

ஒரு நாள் காலை பக்கத்தைத் திறந்தாள். அந்த வகுப்பு எழுதியதெல்லாம் மாறிக் கிடந்தது. கீழே அவர்கள் டீச்சரின் கடிதம்: "எங்கள் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு அளந்தது. இனி நீங்களே தனியாக எழுதிக்கொள்ளுங்கள்."

"யாரு இந்த வேலையப் பண்ணினது?"

முன் பெஞ்சு வாயாடி தைரியமாக எழுந்தாள். "நாங்கதான் டீச்சர், எல்லாரும் சேர்ந்து. அவங்க நிழல் குச்சியவிட நீளம்னு எழுதியிருந்தாங்க. மத்தியானத்துல எங்கயாவது அப்படி விழுமா? தப்பப் பாத்தா உடனே திருத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லிக்கொடுத்ததே தான் என்றால் யாரைத் திட்டுவது? பழைய அளவுகளை மீட்டுவிட்டாள். அதற்கு அந்த இணையப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருந்தது. அவர்கள் மனவருத்தத்தைப் போக்கத்தான் பொத்தான் இல்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. நடந்ததைக் கேட்டுப் பஸ் ஓட்டும் கணவர் சிரித்தார். "என்ன டீச்சரம்மா, உன் சரக்கு உன்கிட்டயே திரும்பி வந்துடுச்சா?"

"சும்மா இருங்க. அவங்க விட்டுட்டா எம்புள்ளைங்க யாரோட சேர்ந்து அளக்கும்?"

"அப்ப மன்னிப்புக் கேளு."

"கேக்கத்தான் போறேன். நீங்க சொல்லணுமாக்கும்!"

மறுநாள் வகுப்பிலேயே எழுதினாள். திருத்தும் புத்தி பிள்ளைகளுக்குத் தன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று எழுதினாள். அடியில் வாயாடி ஒரு கேள்வி சேர்த்தாள்: "உங்க நிழல் ஏன் அவ்வளவு நீளம்?" கூடவே தங்கள் குச்சியின் படத்தையும் போட்டார்கள்.

பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தலைமையாசிரியர் வேறு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு மத்தியானம் பதில் வந்தது. வாயாடி உரக்கப் படித்தாள். "எங்க ஊர்ல இப்ப சூரியன் மேல ஏறவே மாட்டேங்குது, வானத்து ஓரத்துலயே நகருது. அதான் நிழல் நீளம். ஒண்ணு கேக்கலாமா? படத்துல உங்க குச்சி சாஞ்ச மாதிரி இருக்கே, சரியா நட்டீங்களா?"

வகுப்பே டீச்சரின் முகத்தைப் பார்த்தது. குச்சியை நட்டவள் அவள்தான்.

"சாயவே சாயாது. வாங்க, காட்டுறேன்."

மைதானத்தில் கல் கட்டிய நூலைக் குச்சிப் பக்கத்தில் தொங்கவிட்டாள். நூல் ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம்.

"டீச்சர், சாஞ்சுதான் இருக்கு!"

"எனக்கும் கண்ணு இருக்கு. கத்தாதே." மண்டியிட்டு மண்ணைத் தோண்டினாள். பாதியில் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "போய் எழுதுங்க, அவங்க சொன்னது சரின்னு. நாம அளந்ததெல்லாம் மறுபடி அளக்கணும், காத்திருக்கச் சொல்லுங்க."

"காத்திருப்பாங்களா டீச்சர்?"

"நம்ம தப்பக் கண்டுபுடிச்சுட்டாங்கல்ல, இனி எங்க விடப்போறாங்க? நூலப் புடி."