சால்னா சிந்தாத கார்

டாக்டரிடம் போகிறவர் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுவார்; கார்ப் பட்டறைக்கு வருகிறவர் "அடியில எங்கனயோ ஒரு சத்தம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பட்டறை வைத்துப் பாடுபடும் சொந்தங்களே, அவர் திரும்பி வருவதற்குள் அந்த 'எங்கனயோ'வைக் கண்டுபிடிக்கிற பாடு உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் பட்டறை வைத்திருப்பது என் அக்கா செல்வி. டிப்ளமோ படித்தவள். பிளஸ் டூ முடித்த கையோடு நானும் அங்கே சேர்ந்துவிட்டேன். அவள் கையால் பிழைக்கிறாள், நான் வாயால்.

எந்தச் சத்தம் உங்க சத்தம்?

யார் பேசினாலும் அப்படியே திருப்பிப் பேசிவிடுவேன். ஹெட்மாஸ்டர் குரலில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டு வாங்கிய அடி தனிக் கதை. அதே வாய் இப்போது சோறு போடுகிறது. வருகிறவரை ஸ்டூலில் உட்கார வைத்து, ஜாயிண்ட் தேய்ந்தால் வருகிற 'டொக்கு டொக்கு', ரப்பர் புஷ் காய்ந்தால் வருகிற 'கிறீச்', சைலன்சர் தளர்ந்தால் வருகிற 'கடகட' என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவேன், ஜவுளிக்கடையில் சேலை போடுகிற மாதிரி. அவர் ஒன்றைக் கை காட்டுவார். அக்கா ஸ்பானரை எடுப்பாள்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற டெம்போ டிரைவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் 'கிறீச்'சை மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன். இன்னும் ஒருக்க என்றார். அக்கா புஷ்ஷைக் கழற்றப் போனபோது கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "வண்டியில அந்தச் சத்தம் இல்லம்மா, அது எங்க மாமியார் என்னையக் கூப்பிடுத சத்தம், இங்கனன்னா பயப்படாமக் கேக்கலாம்லா?"

சிவப்புக் காரும் மயினியும்

செங்கோட்டை சுப்பையா அண்ணாச்சி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருந்தாலும் சட்டைக் காலர் இஸ்திரி கலையாது. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டு, வெளியூரில் தேடிப் பிடித்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு, இரண்டு கதவு, இரண்டே சீட்டு, என்னைவிட மூத்த வண்டி. பார்க்க ராஜா. ஓட்டினால் கட்டை வண்டி. ஸ்பிரிங் தொய்ந்து, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டம்மா எங்களுக்கு மயினி, அண்ணி முறை. தோட்டத்து வெண்டைக்காயை வேனில் ஏற்றி மார்க்கெட்டுக்கு அவரேதான் ஓட்டிக்கொண்டு போவார். ரோட்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. முதல்முறை இந்தக் காரில் அவர் ஏறியபோது மடியில் பரோட்டாப் பார்சல். பாலத்து ஏற்றத்தில் கார் ஒரு குதி குதித்ததில் சால்னாப் பாக்கெட் வெடித்துப் பட்டுச்சேலை போயிற்று. இடுப்பும் பிடித்துக்கொண்டது. காரை விலைக்குக் கேட்டுப் புனலூரிலிருந்து ஒரு சேட்டன் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். மயினி சொன்ன தீர்ப்பை அண்ணாச்சி எங்களிடம் தலை குனிந்து ஒப்பித்தார்: "ஞாயித்துக்கிழமை ஐந்தருவி வரைக்கும் ஒரே ஒருக்க ஏறுவாளாம், இடுப்பு வலிச்சுதுன்னா வண்டி அன்னைக்கே புனலூர் போயிரணுமாம்."

காருக்கு வாய் முளைத்தது

அண்ணாச்சி கையோடு ஒரு பெட்டியும் கொண்டு வந்திருந்தார். உள்ளே காயில்ஓவர் நான்கு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே உடம்பாக இருக்கும். கீழே உள்ள வளையத்தைத் திருகினால் காரின் உயரம் ஏறும், இறங்கும். மேலே உள்ள குமிழைத் திருகினால் இறுக்கம் கூடும், குறையும். மாட்டுவது ஒரு காலை வேலை. பழசைக் கழற்றுவதுதான் வேலை. சாரலில் நனைந்தே நின்ற கார்; ஒவ்வொரு போல்ட்டும் துருப்பிடித்து, "என்னைக் கழட்டிருவியோ?" என்று கேட்டது.

கடைசிப் போல்ட்டோடு காருக்கடியில் நான் மல்லாந்து கிடக்கும்போது அண்ணாச்சியின் பூட்ஸ் சத்தம். சும்மா இருக்க முடியுமா? கிழட்டுக் குரலில், "சுப்பையா... இடுப்பு வலிக்கிது சுப்பையா... என்னைப் புனலூருக்கு அனுப்பிராத சுப்பையா..." என்று முனகினேன். பூட்ஸ் நின்றது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தேன். மேலேயிருந்து பெரேடு மைதானக் குரல் இறங்கியது: "கோரிக்கைய வெளிய வந்து, அட்டென்சன்ல நின்னு சொல்லணும்!"

தரையைத் தொடணும்

மாட்டி முடித்ததும் உயரத்தில் தகராறு. அண்ணாச்சி செல்போனைக் காட்டுகிறார். அதில் உள்ள கார்களெல்லாம் ரோட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கின்றன. அக்கா, "அது அவனுக ஊரு ரோடு அண்ணாச்சி. நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணும் குட்டி மலைல்லா?" என்று சொல்லி, டயருக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர், வீட்டில் வைத்து, பெட்டியோடு வந்த கொக்கி ஸ்பானரால் நான்கு பக்கமும் இறக்கிவிட்டார்.

மறுநாள் அவரிடமிருந்து போன். போய்ப் பார்த்தால் கார் அவர் வீட்டு வாசலிலேயே, ஸ்பீட் பிரேக்கர் மேல் வயிறு தட்டி நிற்கிறது. முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம். தெரு முழுக்க வேடிக்கை. அதில் ஒருவர் எங்கள் காதில் போட்டார்: அந்த ஸ்பீட் பிரேக்கரைப் போடச் சொல்லி நகராட்சிக்கு நடையாய் நடந்தவரே அண்ணாச்சிதானாம், பத்தாது என்று உயரத்தையும் கூட்டச் சொன்னாராம். நாங்கள் ஜாக்கி போடும்வரை விறைப்பாக நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "அது வேகமா வாரவனுக்குப் போட்டதும்மா, எனக்குப் போட்டது இல்ல."

காருக்குச் சால்னா

உயரம் மறுபடி நாலு விரல். இனி இறுக்கம். எத்தனை திருகு என்று பெட்டியில் வந்த காகிதம் சொல்லும். ஆனால் அதை அச்சடித்தவர் மயினியின் இடுப்பைப் பார்த்தவரில்லை. அப்போதுதான் எனக்கு யோசனை உதித்தது. (என் யோசனைதான். அக்கா இப்போது தன்னுடையது என்பாள், நம்பாதீர்கள்.) எந்தச் சால்னாவால் வழக்கு வந்ததோ, அதையே சாட்சிக்குக் கூப்பிடுவோம்.

பார்டர் பரோட்டாக் கடையில் எவர்சில்வர் டம்ளர் நிறையச் சால்னா வாங்கி, மயினி உட்காரும் சீட்டில் நான் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா ஓட்டினாள். முதலில் நல்ல இறுக்கம்: பாலம் வருமுன்னே சட்டையெல்லாம் சால்னா. ஒரேயடியாகத் தளர்த்தினோம்: மேட்டில் சிந்தவில்லை, வளைவில் கார் தொட்டில் மாதிரி சாய்ந்ததில் பேண்டில் சிந்தியது. முன்பக்கம் கொஞ்சம் கூட்டி, பின்பக்கம் கொஞ்சம் குறைத்து, மறுபடி டம்ளரை நீட்டியபோது கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பரோட்டா வேண்டாம், சால்னா மட்டும் போதுங்குதிய, வண்டி பெட்ரோல்லதான் ஓடுதா, இல்ல இதுலயா?"

வாய்க்குப் பூட்டு

சனிக்கிழமை சாயங்காலம் டம்ளரில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அக்கா ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தாள். ஆனால் எனக்கு மட்டும் கேட்டது: மேடு ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடதுபுறம் சின்னதாக ஒரு 'டிக்'. சொன்னேன். "எங்கலே?" என்றாள். செய்து காட்டினேன். அங்கேதான் கெட்டது. "நீதாம்லே முதல்லயும் பண்ணிருக்க" என்றாள். பின்னால் பைக்கில் வந்த அண்ணாச்சியும், "கார் பேசுன மாதிரிதான இதுவும்?" என்றார். சத்தியம் செய்தேன். அதையும் யாருடைய குரலிலோ செய்வதாக நினைத்துச் சிரித்தார்கள். விடிந்தால் மயினி ஏறப் போகிறார். ஊரை ஏமாற்றியவன் நிஜம் சொன்னால் எப்படி இருக்கும் தெரியுமா, சொந்தங்களே? அழுகை வந்துவிட்டது. அதையும் நம்பவில்லை.

கடைசியில் பரோட்டா ஒன்றை வாங்கி, நாலாக மடித்து, முழுசாக வாயில் அடைத்துக்கொண்டு காரில் ஏறினேன். மூச்சு மூக்கில் மட்டும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு பாலத்தில் ஏற்றி இறக்கினாள். 'டிக்.' வண்டி நின்றது. சக்கரத்தைக் கழற்றினால், உயரத்தை மறுபடி ஏற்றியபோது, போன் வந்து அக்கா பாதியில் எழுந்துபோன பக்கம் அது. கீழ் வளையத்தைப் பிடித்து வைக்கும் பூட்டு வளையம் கையாலேயே சுற்றியது. அப்படியே விட்டிருந்தால் போகப் போக ஒரு பக்கம் இறங்கியிருக்கும். இறுக்கி முடித்துவிட்டு, எண்ணெய்க் கையாலேயே என் தலையைக் கோதி அக்கா சொன்னாள்: "பதினெட்டு வருசத்துல நீ வாய மூடினதும்தாம்லே உண்மை வெளிய வந்துருக்கு."

ஐந்தருவி

மயினி லேசுப்பட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே வெள்ளைச் சேலை உடுத்தி, கையில் மூடியில்லாத தூக்குச்சட்டி நிறையச் சால்னாவோடு வந்தார். அண்ணாச்சி ஸ்டியரிங்கைத் துப்பாக்கி மாதிரி பிடித்திருந்தார். அக்காவும் நானும் ஸ்கூட்டரில் பின்னால். சீசன் கூட்டம், சாரல். பஸ்ஸுக்கு வழி விட்டுக் கார் ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி ஏறினபோதெல்லாம் அக்கா என் தோளைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். கார் குதிக்கவில்லை. பள்ளத்தில் இறங்கும், ஏறும், அதோடு அமரும். எங்கள் கை வேலை எங்கள் முன்னாலேயே போகிறது. ஸ்கூட்டரில் எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

ஐந்தருவி ஸ்டாண்டில் மயினி இறங்கினார். சேலையை முன்னும் பின்னும் பார்த்தார். இடுப்பில் கை வைத்து ஒரு பக்கம் வளைந்தார், மறுபக்கம் வளைந்தார். நான் எந்தக் குரலிலும் பேசவில்லை. மயினி அருவிப் பக்கம்கூடத் திரும்பாமல் காரைச் சுற்றி வந்து டிரைவர் கதவைத் திறந்தார். "எறங்குங்க, திரும்பி வாரையில நீங்க சால்னாவப் பிடிங்க, நான் ஓட்டுதேன்."

கார் புனலூர் போகவில்லை; அன்று முதல் எங்கள் பட்டறையில் எந்த வண்டியில் எந்தச் சத்தம் கேட்டாலும், அக்கா முதலில் என் வாயில் ஒரு பரோட்டாவைத் திணித்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொடுகிறாள்.