இரவல் ஜீபீஎஸ்

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கடலில் சுற்றுவதற்கென்று சின்னதாக ஒரு படகு வாங்கியிருந்தேன். அதற்கு ஒரு ஜீபீஎஸ் எடுக்கக் கல்முனையில் கடை கடையாக ஏறியும் எது நல்லதென்று புரியவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் மீனவர் ஒருவரிடம் யோசனை கேட்டேன்; அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் தன் படகில் இருந்ததையே கழற்றித் தந்தார்.

"கடைக்குள்ள எல்லாம் பளிச்சென்டுதான் தெரியும் தம்பி. ரெண்டு நாள் வெயிலுக்குள்ள வெச்சிப் பாத்துட்டு வாங்குங்க."

திரையில் அவர் குறித்துவைத்த புள்ளிகள் இருந்தன. எல்லாம் கடலுக்கடியில் மீன் கூடும் பாறைகள். அந்த இடங்களை எங்கள் ஊரில் கூடப்பிறந்தவன்கூடக் கேட்கமாட்டான். நானும் கேட்கவில்லை, ஒன்றுவிடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். புதிதாக வாங்கிய மெஷினில் முதல் வேலையாக அவற்றைத்தான் ஏற்றினேன்.

அடுத்த ஞாயிறு மச்சானோடு அதில் ஒரு புள்ளிக்குப் போய்த் தூண்டில் போட்டேன். மச்சான் இரண்டு பாரை மீன் தூக்கியிருப்பான், ஒரு படகு வந்தது. காக்காதான்.

எஞ்சினைக் குறைத்து, நாங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்றிருந்தேன். ஸலாம் சொன்னார்.

"மெஷின் வெயிலுக்குள்ள நல்லாத் தெரியுதா தம்பி?"

"ஓம் காக்கா."

படகைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

அன்றே எல்லாப் புள்ளிகளையும் அழித்தேன், கொப்பியையும் எரித்தேன். அதை அவரிடம் போய்ச் சொல்லத்தான் இன்னும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனால், அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு, அதற்கு இரண்டு வரிசை பின்னால் நிற்கிறேன்.