குப்பைத்தொட்டியில் ஒளித்த படங்கள்

மகளோடு வீடியோவில் கதைக்கும் செயலி, உங்கள் போனில் இனி இயங்காது என்று ஒருநாள் சொல்லிவிட்டது. போனுக்கு ஒரு நோவுமில்லை. செய்தவனுக்குத்தான் அது சலித்துவிட்டது. மகள் குடும்பத்தோடு கத்தாரில். கணவர் மௌத்தான பிறகு இந்த வீட்டில் நான் மட்டும். வேறு வழியில்லாமல் புதுப் போன் வாங்கினேன்.

பழையதில் உள்ளதை மாற்றித்தர, கல்முனைக் கடைக்காரர் பூட்டைத் திறக்கும் இலக்கத்தைக் கேட்டார். அதற்குள் முக்காடில்லாத என் படங்கள் இருந்தன. எல்லாம் கணவர் எடுத்தவை. கிணற்றடியில் ஈரத் தலையோடு, அடுப்படியில் வியர்வையோடு, அவர் தோளில் சாய்ந்தபடி. அந்நிய ஆண் கண்ணில் படலாமா? நாளைக்கு வருகிறேன் என்று வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அழித்தவை போனின் குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும், திரும்ப எடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். பெரிய கெட்டிக்காரி!

மறுநாள் பின்னேரம் கடைக்காரர் இரண்டு போனையும் நீட்டினார்.

"எல்லாம் மாத்திட்டன் ராத்தா. பழைய போன முழுசா அழிச்சிட்டன். பொம்புளயள்ட போன், ஆராச்சும் நோண்டினா கூடாதுதானே."

"குப்பைத்தொட்டியில கிடந்ததும் போயிட்டா?"

"ஓம் ராத்தா, ஒண்டும் மிஞ்சாது. பயப்படாதீங்க."

அந்த நல்ல மனிதரை ஏசாமல், கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதுப் போனில் மகள் தெளிவாகத் தெரிகிறாள். நான் முக்காட்டோடுதான் அவள் முன் உட்காருகிறேன்; அது இல்லாத என்னைப் பார்த்து ரசித்தவர் இப்போது போனிலும் இல்லை.

"உம்மா, வீட்டுக்குள்ள என்னத்துக்கு முக்காடு? ஆரு இரிக்கா அங்க?" என்று கேட்கிறாள்.