பஞ்சாரத்துக்குள் காய்ந்த விமானங்கள்

புதியம்புத்தூரில் என் தையல் கூடத்தில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டி மில்லில் என்னோடு வேலை பார்த்த செல்லையா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நம்ம ரெங்கசாமி அண்ணாச்சி போயிட்டாவ. காலையில கதவு தொறக்கலன்னு பக்கத்து வீட்டுக்காரவுக தட்டியிருக்காவ."

பஞ்சாரத்துக்குள் எதுவும் காய்ந்துகொண்டிருந்ததா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது. துக்கச் செய்தி கொண்டுவந்தவரிடம் அப்படிக் கேட்பார்களா? கேட்கவில்லை.

மில் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி எலக்ட்ரிக் பிரிவில் ஃபிட்டர். உலக யுத்தத்தில் பறந்த சண்டை விமானங்களைச் சின்ன அளவில் செய்வதுதான் அவருடைய பொழுதுபோக்கு. பெட்டிக்குள் பிளாஸ்டிக் பாகங்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். பாதி பிளேடால் ஒவ்வொன்றாக நறுக்கி, பிசிறு தேய்த்து, பசை தொட்டு ஒட்டி, பெயிண்ட் அடித்து முடித்தால் ஒரு சாண் அகலத்தில் ஸ்பிட்ஃபயரோ ஹரிக்கேனோ நிற்கும். கரிசல்காட்டில் மேகம் தேடி வானத்தை அண்ணாந்து பார்க்கிற ஜனங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஏரோப்ளேன் அண்ணாச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

மில் பக்கம் குடியிருந்தால் பஞ்சுத் தூசி சோற்றிலும் விழும், தலையிலும் விழும். ஈரப் பெயிண்டைக் கண்டால் விடவே விடாது. அவருடைய முதல் ஹரிக்கேனுக்கு ஒரே நாளில் நரை விழுந்துவிட்டது. மறுநாளே ஊரிலிருந்து கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடை, பஞ்சாரம் ஒன்றை வாங்கிவந்தார். விமானத்தை அதற்குள் வைத்து, மேலே ஈர வேட்டியைப் போர்த்திவிட்டார். ஒருமுறை பார்க்கும் ஆசையில் பஞ்சாரத்தைத் தூக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க தம்பி, காயட்டும்."

எதற்கும் அவருக்கு அந்தப் பதில்தான்.

முதல் பெட்டி அவருக்காக வந்ததே அல்ல. அண்ணாச்சியின் சம்சாரம் ருக்மணி மதினி. மதினியின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். இவர்களுக்குக் கல்யாணமான புதிதில், பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தது அது. பீரோ மேல் ஏறி உட்கார்ந்த பெட்டி அங்கேயே இருந்தது. பிள்ளை வரவில்லை. வருஷங்கள் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி அதை இறக்கிப் பிரித்துவிட்டார்.

"பிள்ளைக்குன்னு வந்தத நீங்களே பிரிச்சிட்டியளா? அப்ப இனிமே இல்லன்னு முடிவு கட்டியாச்சா?" என்று மதினி அழுதது பக்கத்து வீட்டில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

அழுது முடித்து மதினி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புதூர்ப் பக்கம் அவர்களுடைய ஊரில் அம்மன் கோயில் வேம்பில் பிள்ளை வரம் கேட்டுச் சின்னத் தொட்டில் கட்டுவார்கள். தொட்டிலுக்குப் பதிலாக, அந்தப் பெட்டியில் அண்ணாச்சி செய்த ஸ்பிட்ஃபயரையே கட்டிவிடலாம், பிள்ளைக்கு வந்தது பிள்ளைக்கே போகட்டும் என்றார்கள். மரம் ஏறத் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். காலித் தொட்டிலை ஆடவிடக் கூடாது. பிள்ளையாக ஒரு கல்லையோ பொம்மையையோ உள்ளே வைப்பார்கள். பெட்டியோடு வந்த விமானி பொம்மை, நகத்தளவுதான் இருக்கும், மதினியின் கையில் இருந்தது. அதை உள்ளே உட்கார வைக்கச் சொன்னார்கள்.

அண்ணாச்சி மாட்டேன் என்றார். "சண்டைக்குப் போனவம்லா இவன். திரும்பி வந்தானோ இல்லையோ. இவனையா நம்ம பிள்ளைன்னு உக்கார வைக்கச் சொல்லுத?"

"அப்ப ஒரு கல்லாவது வைங்க."

"கல்லு வச்சா சிறகு ஒடிஞ்சிரும்."

விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடியை நூலால் கட்டி, காலியாகவே தொங்கவிட்டோம். காற்றில் ஆடியது. மதினி அண்ணாந்து பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகும் பிள்ளை இல்லை. "காலியா ஆட விட்டது நீங்கதான்" என்று சொல்லி, ஒரு கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போன மதினி திரும்பவில்லை. அண்ணாச்சி வருஷா வருஷம் கொடைக்குப் போவார். வேம்படியில் கொஞ்சம் நிற்பார். மதினி வீட்டு வாசல் மிதிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்று ஒருமுறை சண்டையே போட்டேன்.

"கோவம் காயட்டும் தம்பி" என்றார். எவ்வளவு காலம்தான் காயும்? மைத்துனர் மட்டும் கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் ஒரு புதுப்பெட்டி கொடுத்தனுப்புவார். இவரும் ஒட்டிக்கொண்டே இருந்தார். எந்த விமானத்திலும் ஆளை உட்கார வைத்ததில்லை. விமானிகள் எல்லோரும் ஒரு தீப்பெட்டிக்குள் படுத்துக் கிடந்தார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அலமாரி நிறைய விமானங்கள், எதிரே மதினி. எனக்கு அவர்கள் மேல் கோபம் இருந்தது, மறைக்கவில்லை.

"உங்க அண்ணனுக்கு இருந்த கரிசனம்கூட உங்களுக்கு இல்லையே மதினி" என்றேன்.

 மதினி சொன்னார்கள்: "அண்ணன்கிட்ட பொட்டி வாங்கிட்டு வரச் சொன்னதே நாந்தான். தனியாக் கிடக்காவளே, பொழுது போகட்டும்னு. வான்னு ஒரு வார்த்தை சொல்லுவாவன்னு பாத்தேன். சொல்லல."

 இவர் கோபம் காயக் காத்திருந்தார், அவர்கள் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் மதினி என்னை அந்த வேம்படிக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்பிட்ஃபயர் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. கிளையை வளைத்துப் பிடித்தேன். மதினி நூலை அவிழ்த்து, தீப்பெட்டியிலிருந்து ஒருவனை எடுத்து உட்கார வைத்து, மூடியைக் கட்டினார்கள்.  கிளையை விடச் சொன்னார்கள்.

"இனிம காலியா ஆட வேண்டாம். அவிய இருக்காவன்னு நெனச்சுக்கிடுதேன்."

விமானங்களை மதினி புதூருக்கு எடுத்துப்போனார்கள். எனக்கு அந்தப் பஞ்சாரம் வந்தது. மூங்கில் பத்தைகளில் பச்சையும் சாம்பலுமாகப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. தையல் கூடத்தின் மூலையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் பெருக்க வருகிற பெண் அதைத் தூக்கப் போகும்போதெல்லாம் என் வாய் முந்திக்கொள்கிறது.

"பொறும்மா, காயட்டும்."